ஏழாம் பாட்டில் ஊதிய கப்பல்

கப்பலைக் காணவில்லை!

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நடந்த கதை இது. கொழும்பிலிருந்து ஐந்து இளைஞர்கள் கிற்றார்களோடு வந்து, 'அந்தக் காலத்துப் பொப்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். அறுபதைத் தொட்டுவிட்டேன், முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை, ஆனால் எங்காவது ட்ரம்ஸ் அடிக்கிறார்கள் என்றால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் கதிரை பிடித்துவிட்டேன்.

"அடுத்த பாட்டு, வெல்வெட் கைட்ஸ் குழுவின் 'அக்கரை வெளிச்சம்'" என்று அறிவித்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் இதே இடத்தில் 'என் பத்துப் பாட்டுகள்' என்று ஒரு பட்டியல் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஏழாவது பாட்டு. எண்ணிக்கையில்தான் ஏழாவது. மனதில் அதுதான் முதலாவது.

அந்தப் பாட்டில் ஒரு இடம் உண்டு. இரண்டாவது சரணம் முடியும். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு... பூஊஊம் என்று ஒரு கப்பல் ஊதும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கிற்றார் கிளம்பும். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த இடம் வரும்போதெல்லாம் என் கண் தானாக மூடிக்கொள்ளும். அன்றைக்கும் மூடினேன். காத்திருந்தேன். நேரே கிற்றார் வந்துவிட்டது!

ஹோர்ன் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதெல்லாம் பாட்டை யார் முழுதாகக் கேட்கிறார்கள்? போனில் ஒரு பாட்டு அல்பத்தைப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி அடிக்கிறது. முதலாம் பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் பாட்டு. டின் லான்டர்ன் என்ற ஆங்கிலக் குழுவின் இரண்டாவது அல்பத்தின் முதல் பாட்டை என் பட்டியலில் தலையில் வைத்திருந்தேன். ஆத்திரத்தில் தொடங்கி அழுகையில் முடிகிற அல்பம் அது. அதை இப்படிக் கலைத்துப் போட்டால் அந்த மனுசர்கள் எதற்காக அதை வரிசைப்படுத்தினார்கள்? போதாததற்குப் பாட்டு முடிகிறபோது சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகுமே, அதற்குள் அடுத்த பாட்டு வந்து தலையை நீட்டிவிடுகிறது. கேட்டால், வேகமான காலமாம்!

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே மேடைக்குப் போனேன். பாடிய தம்பி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஹோர்ன் எங்க?" என்றேன்.

"எந்த ஹோர்ன் ஆன்டி?"

"கப்பல் ஹோர்ன். ரெண்டாம் சரணத்துக்குப் பிறகு."

"ஓ, அதுவா? அது ரெக்கோடிங்ல வந்த வேண்டாத சத்தம் ஆன்டி. நாங்க கிளீன் பண்ணிட்டம்."

வேண்டாத சத்தமா! எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே ஒரு வகுப்பு எடுத்துவிட்டேன். அது கொழும்பு வெல்வெட் கைட்ஸின் மூளையடா தம்பி, அந்தக் காலத்தில் ஒரு பொப் பாட்டுக்குள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், கொழும்புத் துறைமுகத்தின் முழு ஏக்கமும் அந்த ஒரு ஊதலில் இருக்கிறது... பட்டியலில் நான் எழுதிய அதே வரிகளை ஒன்று விடாமல் ஒப்புவித்தேன்.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். மெலிந்த ஒரு மனிதர், எழுபதுக்குக் கிட்ட இருக்கும். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சேர்ட். "அந்தத் தம்பி சொல்றது சரி, தங்கச்சி. அது நாங்க வெச்ச சத்தம் இல்ல. தானா வந்த சத்தம்" என்றார்.

"நாங்க எண்டால்?"

"அந்தப் பாட்டுப் பாடினது நான்தான். ஊரு கிண்ணியா. பேரு நஸீர்."

அன்றைக்கு எனக்கு இருந்த கொதிப்பில் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கேட்டேனா? விசாரித்தேனா? இல்லை. "நானா, நாற்பது வருசமா இந்தப் பாட்டைக் கேக்கிறன். இதைப் பற்றிப் பேப்பரிலயே எழுதினனான். எனக்கு வந்து கதை விடாதேங்கோ" என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற அந்த 'நானா'வில் மட்டும் மரியாதையை வைத்துக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கச் சொன்னேன். கொழும்புத் தம்பிகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது.



"பேப்பர்ல எழுதின ஆளு நீங்கதானா?" என்றார் அந்த மனிதர். கடற்கரைப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அலுமாரியைக் கிளறி, அந்தப் பாட்டு இருக்கிற என் பழைய கசெட்டை எடுத்தேன். இரண்டு தடவை இடம்பெயர்ந்தபோதும் என்னோடு வந்த கசெட். அட்டையில் பதினேழு வயதில் நான் எழுதிய குண்டு குண்டு எழுத்து. இரண்டாம் பக்கம் முழுக்க வெல்வெட் கைட்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு பாட்டுகள்.

ஆனால் கசெட்டில் இருப்பது எட்டு. 'அக்கரை வெளிச்சம்' அந்த எட்டாவது. அட்டையில் அதன் பெயர் இல்லை. அதற்கு முன்னால் உள்ள ஏழும் வெல்வெட் கைட்ஸ், அப்படியென்றால் எட்டாவதும் அவர்கள்தானே? அவர்கள் சிங்களத்தில் பாடுவார்கள், ஆங்கிலத்தில் பாடுவார்கள், தமிழிலும் இரண்டு பாடியிருக்கிறார்கள். பிறகென்ன சந்தேகம்? 'அக்கரை வெளிச்சமே' என்று பாட்டு தொடங்குவதால் பாட்டுக்கு அந்தப் பெயரையும் நானே வைத்துக்கொண்டேன். நாற்பது வருடம் இந்தக் கணக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கணக்கில் சந்தேகம் வந்தது. ஆனாலும் நான் விடவில்லை. நான் சரி என்பதை நிரூபித்தே தீருவது என்று, மறுநாள் காலை குணம் அண்ணனைத் தேடிப் போனேன்.

குணம் அண்ணன் யாரென்று சொல்ல வேண்டும். இப்போது டவுணில் ஒரு சின்னக் கடையில் போன் கார்டும் கவரும் விற்கிறார். நாங்கள் இளசாக இருந்தபோது அதே கடை ரெக்கோடிங் பார். பெயரைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி நினைக்காதீர்கள். குடிக்கிற இடம் இல்லை, பாட்டுப் பதிகிற இடம். வெறும் கசெட்டையும், நமக்கு விருப்பமான பாட்டுகளை எழுதிய துண்டையும் கொடுத்தால், தன்னிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து தருவார். அந்தத் துண்டை எழுத எங்களுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் பிடிக்கும். எதை முதலில் வைப்பது, எதை வெட்டுவது என்று பரீட்சைக்குக்கூட அவ்வளவு யோசித்திருக்கமாட்டோம்.

என் கசெட்டை அவர் முன்னால் வைத்து, "அண்ணை, இதில கடைசிப் பாட்டு ஆர் பாடின பாட்டு?" என்று கேட்டேன்.

கசெட்டைத் திருப்பிப் பார்த்தார். காதில் வைக்கக்கூட இல்லை. "கப்பல் ஊதுமே, அதுவோ?" என்றார்.

"ஓம்."

"அது நஸீரின்ர. கிண்ணியாப் பொடியன். ஃபெரி ஃபைவ் எண்டு அஞ்சு பேர் சேர்ந்து ஒரு குறூப் வச்சிருந்தவங்கள். ட்ரம்ஸையும் தூக்கிக்கொண்டு கடல் கடந்து ஃபெரியில வருவாங்கள். இந்தக் கடையின்ர பின்னறையிலதான் பதிஞ்சனாங்கள். ரெண்டே ரெண்டு மைக்."

பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. பாட்டு நல்லாப் போகுது. நடுவில துறைமுகத்தில நிண்ட கப்பல் ஒண்டு ஊதிப்போட்டுது. நஸீர் தலையில கைய வச்சிட்டான். திரும்பப் பாடுவம் எண்டான். ஆனா கடைசி ஃபெரிக்கு நேரமாச்சு. ட்ரம்ஸ் அடிக்கிறவன் சாமானைக் கழட்டத் தொடங்கிட்டான். அப்பிடியே விட்டாச்சு."

"அது எப்பிடி என்ர கசெட்டில வந்தது?"

"நீ கேட்டது ஏழு பாட்டு. பிறகும் நாலு நிமிசம் டேப் மிச்சம். வெறும் டேப்போட கசெட் குடுத்தா எனக்கு நித்திரை வராது, பிள்ளை. எல்லாற்ற கசெட்டிலயும் மிச்சத்துக்கு நஸீரின்ர பாட்டைத்தான் போட்டனான். ஊர் கேக்கட்டும் எண்டுதான்."

"அப்ப அட்டையில ஏன் அவற்ற பேரை எழுதேல்ல?"

குணம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அட்டை எழுதினது நானோ? நீங்களெல்லோ வீட்ட கொண்டுபோய், கலர்ப் பேனையால எழுதினனீங்கள்! கேக்காத பாட்டுக்கு நான் எப்பிடிப் பேர் எழுதுறது? நீ வந்து கேட்டனியோ, இது ஆர் பாடினது எண்டு? ஒருத்தரும் கேக்கேல்ல. இவ்வளவு காலத்துக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல!"

கசெட்டை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஓர்ஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவள் நான். பல் விளக்கும்போது கப்பல் ஊதும், சோறு தின்னும்போது ஊதும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போதும் ஊதும். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? என் வீட்டு ஜன்னலுக்குள்ளால் தினமும் கேட்ட சத்தம் கசெட்டுக்குள்ளால் வந்ததும் எனக்குக் கொழும்புக்காரரின் மூளையாகிவிட்டது. பின்னேரத்தில் துறையில் நின்றால் அக்கரையில் கிண்ணியா வெளிச்சங்கள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே 'அக்கரை வெளிச்சம்' கேட்டவள், கொழும்புத் துறைமுகத்தின் ஏக்கம் என்று எழுதியிருக்கிறேன். நல்ல பாட்டென்றால் அது வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன். கொழும்புக்காரர்கள் எங்களை மதிப்பதில்லை என்று இந்தப் பத்தியில் எத்தனை தடவை துள்ளியிருப்பேன்! வெட்கக்கேடு.

அன்று பின்னேரமே கசெட்டை ஹாண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். இப்போது பாலம் இருக்கிறது, ட்ரம்ஸைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. குணம் அண்ணன் சொல்லிவிட்டபடி, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற நஸீர் நானா வீடு எது என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். பாட்டுக்கார நஸீர் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள் ஷிபானா. நாற்பது வயதிருக்கும், ஆசிரியை. நான் யாரென்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே வரச் சொன்னார், கதிரை போட்டார், அதன் பிறகு போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

இணையத்தில் ஒரு பக்கம். வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒரு திருகோணமலைக்காரர் தன்னுடைய பழைய கசெட்டிலிருந்து அந்தப் பாட்டை ஏற்றிவிட்டு, 'பாடியவர் யாரென்று தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று வருடங்களுக்கு முன் யாரோ என் பட்டியலைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். உடனே மேலே மாற்றிவிட்டார்கள்: 'அக்கரை வெளிச்சம். பாடியவர்கள் வெல்வெட் கைட்ஸ், கொழும்பு.' அந்தக் கொழும்புத் தம்பிகளும் அங்கிருந்துதான் பாட்டை எடுத்திருக்கிறார்கள்.

"எங்கட சின்ன வயசில இருந்தே வாப்பா இந்தப் பாட்டப் பாடிக் காட்டுவார்" என்றார் ஷிபானா. "நான் எழுதிப் பாடினது, ரெக்கோட் பண்ணினது எண்டு சொல்லுவார். கசெட் எங்க எண்டு கேட்டா, வெள்ளத்தில போயிட்டு எண்டுவார். ஒருநாள் எங்கட புள்ளையள் போன்ல தேடிப் பாத்தாங்க. பாட்டு வந்திச்சு. கீழ உங்கட பேரும் வந்திச்சு. பேப்பர்ல எழுதுற ஆள் பொய் சொல்லுமா? எல்லாரும் சிரிச்சாங்க. நானும்... நானும் நம்பல்ல அக்கா. 'விடுங்க வாப்பா, வயசுபோன நேரத்தில ஏன் இந்தக் கதை' எண்டு சொல்லிட்டன். அந்த நாளில இருந்து வாப்பா வீட்ட பாடுறல்ல. குளிக்கக்குள்ளயும் பாடுறல்ல."

மூன்று வருடம். நான் ஐந்து நிமிடத்தில் எழுதிய ஒரு வரி, ஒரு மனிதனை அவருடைய சொந்த வீட்டிலேயே பொய்யனாக்கி மூன்று வருடம் ஊமையாக வைத்திருக்கிறது. மேடைக்குப் போய் ஒரு ஹோர்னைத் திருடிவிட்டார்கள் என்று கத்தியவள் நான். முழுப் பாட்டையும் திருடியது யார்?

நஸீர் நானா உள்ளேயிருந்து வந்தார். "நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். குணம் அண்ணன் சொன்னதையெல்லாம் ஷிபானாவுக்கு முன்னால், பின்னறை, இரண்டு மைக், கடைசி ஃபெரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஷிபானா தகப்பனின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டு நின்றார்.

நஸீர் நானா கசெட்டை வாங்கி, அட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல எழுத்து" என்றார்.

"ஏன் நானா நீங்கள் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதேல்ல?"

"வீட்டில உள்ளவங்களே நம்பல்ல. பேப்பர்க்காரர் நம்புவாங்களா தங்கச்சி?"

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு விசயம் சொன்னா கோவிக்க மாட்டீங்கதானே? அந்த ஹோர்ன நீங்க பேப்பர்ல அவ்வளவு புகழ்ந்து எழுதினீங்க. அந்த ஹோர்ன் எனக்குக் கண்ணுல காட்டேலாது! அந்த இடத்தில நான் குரலால ஒரு இழுவை இழுத்திருந்தன். நாலு மாசம் பழகின இழுவை. அந்தப் பாழாப்போன கப்பல் அதுக்கு மேலால ஊதிட்டு. நேத்து அந்தத் தம்பியள் ஹோர்ன் இல்லாமப் பாடினாங்க. முதல் தடவையா அந்த இடத்தில என்ர இழுவைய மனசுக்குள்ள முழுசா இழுத்தன். அழுகையே வந்திட்டு."

நான் எந்த இடத்துக்காக நாற்பது வருடம் கண்ணை மூடினேனோ, அந்த இடத்தில் இந்த மனிதர் நாற்பது வருடம் பல்லைக் கடித்திருக்கிறார்.

அந்தக் கொழும்புத் தம்பிகளிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்பேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் கேட்கும்போது ஹோர்னோடுதான் கேட்பேன். நஸீர் நானாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன். "உங்கட காது, உங்கட இஷ்டம்" என்று சிரித்தார்.

புறப்படும்போது ஷிபானா, "வாப்பா, இப்ப ஒருக்காப் பாடுங்களன். அந்த இழுவையோட" என்றார்.

நஸீர் நானா தலையை ஆட்டினார். "இல்ல மகள். பேப்பர்ல போனது பேப்பர்லயே வரட்டும். அதுக்குப் பிறகு பாடுறன்."

மனிதர் பிடிவாதக்காரர். நியாயமான பிடிவாதம். அதனால்தான் இந்தக் கிழமை வேறு எதையும் எழுதாமல் இதை எழுதுகிறேன். என் பட்டியலைப் படம் எடுத்து இணையத்தில் போட்ட புண்ணியவானே, இதையும் படம் எடுத்துப் போடுங்கள். தெளிவாக எடுங்கள், கீழே உள்ள நான்கு வரிகளும் விழ வேண்டும்.

திருத்தம். 'என் பத்துப் பாட்டுகள்' பட்டியலில் ஏழாவது பாட்டு, 'அக்கரை வெளிச்சம்'.

எழுதியவர், பாடியவர்: கிண்ணியா நஸீர். குழு: ஃபெரி ஃபைவ். பதிந்தவர்: குணம் அண்ணன்.

ஊதியது எந்தக் கப்பல் என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே இந்தத் தடவை எழுதியிருக்கிறேன்.

நஸீர் நானா, பேப்பரில் வந்துவிட்டது. இனிப் பாடுங்கள்.